மதுபனி டைரி: மரத்துக்கும் ஒரு சொம்பு தண்ணி

ஏப்ரல் 11, வெள்ளி: மதுபனி ஸ்டேஷன்

பீகார்ல இருக்கற மதுபனிக்கு வந்த ட்ரெயின் ஏழு மணி நேரம் லேட். சாயங்காலம் வந்து சேர வேண்டியவங்க ராத்திரி ஒன்றரைக்கு மேல இறங்குறோம், நானும் கூட வேலை பாக்குற தோழியும். புக் பண்ணி வச்சிருந்த லாட்ஜுக்கு போன் அடிச்சா "இப்ப யாரும் கேட்டு திறக்க மாட்டாங்க, காலைல வாங்க"ன்னு வச்சுட்டாங்க. அதுக்கப்புறம் ரிங் போகுது, எடுக்கல. சரி, விடியற வரைக்கும் பிளாட்பாரம்தான்னு உக்காந்தாச்சு.

ஆனா சும்மா சொல்லக்கூடாது, ராத்திரி பூரா முழிச்சு உக்கார இத விட நல்ல ஸ்டேஷன் எனக்கு தெரிஞ்சு இல்ல. சுவர் பூரா இந்த ஊர் பேர்லயே இருக்கற மதுபனி ஓவியம். 2017 அக்டோபர்ல நூத்துக்கும் மேல கலைஞர்கள் சம்பளம் வாங்காம வரைஞ்சு கொடுத்தது, நிறைய பேர் பொம்பளைங்க. சீதை கல்யாணம், கிருஷ்ணர், மீன், ஆமை, கிராமத்து வேலை எல்லாம் இருக்கு. எந்த படத்துல பாத்தாலும் ஒரு ஓரத்துலயாவது மரம் இருக்கு. அதுவும் இலைய கூட்டமா பச்சைய அப்பிவிடறது இல்ல, ஒவ்வொரு இலையா, நரம்பு சகிதம். கிளைக்கு நடுவுல சும்மா விட்ட எடமே கிடையாது, அங்க ஒரு கிளியோ பூவோ வந்து உக்காந்துருது.

டீக்கடைக்காரர் ஒருத்தர், மண் கோப்பைல டீ 10 ரூவா. எங்கருந்து வர்றீங்கன்னு கேட்டாரு, மெட்ராஸ்னோம். எதுக்குன்னாரு. மரத்துல படம் வரைஞ்சிருக்காங்களாமே அத பாக்கன்னு தோழி ஹிந்தில சொன்னா. மனுஷன் எங்க ரெண்டு பேரையும் மேலயும் கீழயும் பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாம அவரோட பெஞ்ச இழுத்து அடுப்பு வெளிச்சத்துக்கு பக்கத்துல போட்டு "இங்க உக்காருங்க, என் கண்ணு முன்னாடி"ன்னாரு. நாலு மணி வாக்குல இன்னொரு டீ கொடுத்தாரு, அதுக்கு காசு வாங்கல.

ஏப்ரல் 12, சனி: ராம்பட்டி, ராஜ்நகர்

லாட்ஜ்காரங்களோட சண்டை போட தெம்பில்ல. எங்க ஆபீஸ் பையன் ஒருத்தனுக்கு சொந்த ஊரு இந்த பக்கம், அவனோட சித்தி ஜித்வார்பூர்ல இருக்காங்க. "ஒரு எட்டு பாத்துட்டு வாங்க"ன்னு நம்பர் கொடுத்திருந்தான். போன் பண்ணி ராத்திரி நடந்தத சொன்னா, அந்தம்மா எங்கள திட்டின திட்டு இருக்கே! "வீடு இருக்கப்ப ஸ்டேஷன்ல உக்காருவாங்களா"ன்னு. அரை மணி நேரத்துல பைக்ல பையன அனுப்பி பேக்க தூக்கிட்டு போயிட்டாங்க. இனிமே அவங்கள சாச்சின்னே எழுதறேன், அப்படித்தான் கூப்பிட்டோம்.

குளிச்சுட்டு ஒரு டோட்டோ பிடிச்சோம். பேட்டரி ஆட்டோவுக்கு இங்க அதான் பேரு. அரை நாளுக்கு 500 கேட்டாரு, 400க்கு வந்தாரு. ராம்பட்டில இருந்து ராஜ்நகர் போற ரோடு, நான் போட்டோவுல பாத்து பாத்து ஆசப்பட்ட ரோடு. 2012ல இங்க ரோட்டோர மரத்த எல்லாம் வெட்டிட்டு இருந்த நேரத்துல, கிராம் விகாஸ் பரிஷத்னு ஒரு அமைப்பு, அத நடத்தின ஷஷ்டிநாத் ஜா, ஊர் கலைஞர்கள சேத்து, அடிமரத்துல சுண்ணாம்பு பூசி அது மேல சாமி படம் வரைய வச்சாங்க. நூத்துக்கு மேல மரம். ராமர், சீதை, கிருஷ்ணர், புத்தர்னு. சாமி இருக்கற மரத்து மேல கோடாலி வைக்க எவனுக்கும் கை வராதுங்கறதுதான் கணக்கு. நம்மூர்ல காம்பவுண்ட் சுவத்துல சாமி டைல்ஸ் ஒட்டி வைக்கிறோமே, அதே டெக்னிக்தான், ஆனா நோக்கம் எவ்வளவோ உசத்தி.

நேர்ல பாத்தா? உண்மைய சொல்லிடறேன், பாதிக்கு மேல போயிருச்சு. வெயில், மழை, பட்டை உரிஞ்சு உரிஞ்சு, ஒரு மாமரத்துல கிருஷ்ணரோட கண்ணும் புல்லாங்குழல் நுனியும் மட்டும் இருக்கு. இன்னொண்ணுல ஆள் யாருன்னே தெரியல, சுத்தி இருந்த பார்டர் மட்டும் பளிச்னு இருக்கு. ஒரு அரச மரம் பருத்து, அதுல இருந்த படமும் கூடவே அகலமாகி சீதைக்கு கன்னம் உப்பிப் போச்சு. தோழிக்கு செம ஏமாத்தம். எனக்கு அப்படி இல்ல. மரம் நிக்குது, அதுவும் நல்லா பருத்து. பெயிண்ட் காணாம போனா இன்னொரு தடவ அடிச்சுக்கலாம்.

ஒரு சந்தேகம் மட்டும் இருந்துச்சு, இப்படி பெயிண்ட் அடிச்சா மரத்துக்கு கெடுதல் இல்லையான்னு. ரோட்டோர கடைல சத்து குடிச்சோம். வறுத்த கடலை மாவ தண்ணில கலக்கி வெங்காயம், பச்சமொளகா, எலுமிச்சை, கருப்பு உப்பு போட்டு பெரிய டம்ளர் 20 ரூவா, மத்தியானம் வரைக்கும் பசிக்காது. அங்க உக்காந்திருந்த பெரியவர்கிட்ட கேட்டா, "சுண்ணாம்பு அடிச்சா பூச்சி ஏறாது, அது எப்பவும் பண்றதுதான. அது மேல இருக்கறது ஒரு சட்டை மாதிரி, அதுவா கிழிஞ்சு போயிரும்"னாரு. நான் முழுசா நம்பல. எனாமல் பெயிண்ட சுத்தி சுத்தி அப்பறது எனக்கு இன்னும் உறுத்தலாதான் இருக்கு. ஆனா வெட்டிட்டு போயிருந்தா இந்த கேள்விய கேக்கவே மரம் இருந்திருக்காது. அந்த கடை சுவத்துல வேற ஒண்ணு கவனிச்சேன், படம் இருக்கற எடம் வரைக்கும் சுத்தம், படம் முடியற கோட்டுல இருந்து பான் எச்சில். கணக்கு வேலை செய்யுது!

ராஜ்நகர்ல தர்பங்கா மகாராஜா ராமேஷ்வர் சிங் கட்டின அரண்மனை இருக்கு. 1934 பூகம்பத்துல இடிஞ்சத அப்படியே விட்டுட்டாங்க. தூணுக்குள்ள அரச வேர் பூந்து, கல்ல இறுக்கி பிடிச்சு நிக்குது. அதே பூகம்பத்துலதான் இந்த ஓவியமும் வெளி உலகத்துக்கு தெரிஞ்சது. சேதம் பாக்க வந்த ஆர்ச்சர்னு ஒரு வெள்ளைக்கார அதிகாரி, இடிஞ்ச வீட்டு உள்சுவத்துல இருந்த படங்கள பாத்து ஆச்சரியப்பட்டு போட்டோ எடுத்து, பின்னாடி கட்டுரையும் எழுதினாரு. அதுவரைக்கும் வீட்டு பொம்பளைங்களும் கல்யாண ஜோடியும் மட்டும் பாத்த படம்.

38 டிகிரி. மேக்கத்தி காத்து அடுப்பு வாய திறந்த கணக்கா மூஞ்சில அடிக்குது. திரும்பி வந்து படுத்தவதான், ராத்திரி சாப்பாட்டுக்கு சாச்சி உலுக்கி எழுப்பினாங்க.

ஏப்ரல் 13, ஞாயிறு: ஜித்வார்பூர்

இந்த ஒரே ஊர்ல ஜகதம்பா தேவி, சீதா தேவி, பவுவா தேவின்னு பத்மஸ்ரீ வாங்கினவங்க மூணு பேர். 1966 வாக்குல பீகார்ல கடும் பஞ்சம். அப்ப அரசோட கைவினை வாரியத்துல இருந்த புபுல் ஜெயகர், பாஸ்கர் குல்கர்னிங்கற ஓவியர இங்க அனுப்பி, சுவத்துல வரையறத பேப்பர்ல வரைஞ்சு கொடுங்க, வாங்கிக்கறோம்னு சொல்ல வச்சாங்க. பஞ்சத்துக்கு வந்த பேப்பர் இன்னிக்கு வரைக்கும் சோறு போடுது. தெருவுல நடந்தா திண்ணைக்கு திண்ணை யாராவது குனிஞ்சு வரைஞ்சிட்டு இருக்காங்க, நிமிர்ந்து கூட பாக்கல, "வாங்க, உள்ள வந்து பாருங்க"ன்னு மட்டும் சொல்றாங்க.

சாச்சி வீட்டு பின்னாடி இருக்கறவங்க இன்னும் பழைய கலர்லதான் வரையறாங்க. கருப்புக்கு விளக்கு கரி, மஞ்சளுக்கு மஞ்சள், ஆரஞ்சுக்கு பலாச பூ, நீலத்துக்கு அவுரி, வெள்ளைக்கு அரிசி மாவு. ஒட்டறதுக்கு கருவேலம் பிசின். பிரஷ்னு பாத்தா மூங்கில் குச்சி முனைல பஞ்சு சுத்தினது. பொருள் முக்கால்வாசி மரமும் செடியும் கொடுத்தது, வரையறதும் மரமும் செடியும். கல்யாண ரூம் சுவத்துல வரையற கோஹ்பர் படத்துல நடுவுல மூங்கில், சுத்தி தாமரை இலை, வம்சம் மூங்கில் தோப்பா பெருகணும்னு. வாசல்ல அரிசி மாவ கரைச்சு விரலாலயே வரையற அரிப்பன் பாத்ததும் எனக்கு கை ஊறிருச்சு, ஒரு சிக்கு கோலம் போட்டு காட்டினேன். நாலஞ்சு பொம்பளைங்க சுத்தி நின்னு ரொம்ப அமைதியா பாத்தாங்க. ஒரு பாட்டி மட்டும் "இதுல இலை எங்க?"ன்னாங்க. இலை இல்ல பாட்டி, புள்ளிதான்னேன். திருப்தி இல்லாத மூஞ்சி.

மத்தியானம் சாப்பாடு. கோவை இலைய அரிசி மாவுல முக்கி பொரிச்சு வச்சாங்க, தில்கோர் தருவா. வேலில படர்ந்து கெடக்கற கோவைக்காயோட இலை சாப்பிடற அயிட்டம்னே எனக்கு இவ்வளவு நாள் தெரியாது. மொறு மொறுன்னு, நாலு எடுத்தேன், கணக்கு பாக்காம இன்னும் வச்சாங்க. மீன் கொழம்புல கடுகு அரைச்சு ஊத்தி காரம் மூக்குல ஏறுது. கடைசில மக்கானா பாயசம், இங்கத்த குளத்துல வெளையற மக்கானாவுக்கு 2022ல புவிசார் குறியீடு கொடுத்திருக்காங்க, அத சாச்சி அவங்களுக்கே கொடுத்த மாதிரி சொன்னாங்க.

சாப்பிட்டுட்டு தோப்புக்கு நடந்தோம். இங்க கல்யாணத்துக்கு முன்னாடி மரத்தோட ஒரு கல்யாணம் இருக்கு. மாமரத்துக்கும் இலுப்பைக்கும் நூல் சுத்தி, குங்குமம் வச்சு, பாட்டு பாடி, மாப்பிள்ளை பொண்ணுக்கு நடக்கறதெல்லாம் மொதல்ல அதுங்களுக்கு. நம்மூர்லயும் அரசுக்கும் வேம்புக்கும் கல்யாணம் பண்ணி வைப்போம்னு சொன்னதும் சாச்சிக்கு ஒரே சந்தோஷம், உடனே "சாப்பாடு போடுவீங்களா?"ன்னு கேட்டாங்க. போடுவோம்னேன். "அப்ப சரி"ன்னாங்க. இலுப்பை பூ கொட்டி கெடந்துச்சு, ஒண்ண வாயில போட்டேன், ஆலையில்லா ஊருக்குன்னு சும்மா சொல்லல, அப்படி ஒரு இனிப்பு, ஆனா கூடவே ஒரு ஊசின வாடை. 2016ல இருந்து பீகார்ல மதுவிலக்கு, அதனால பூவ பொறுக்கிட்டு இருந்த பசங்கள பாத்து தோழி கண்ணடிச்சா, சாச்சி மொறச்சாங்க.

சாயங்காலம் ஊரோட இன்னொரு பக்கம், துஸாத்ங்கற தலித் ஜனங்க இருக்கற தெரு. ஒரு விஷயம் சாச்சி வீட்டுல யாரும் வாயத் திறக்கல, இங்க வந்துதான் கேட்டேன். ராமர் சீதை படமெல்லாம் ரொம்ப காலமா பிராமண, காயஸ்த வீட்டு சொத்தாத்தான் இருந்திருக்கு. 1970கள்ல எரிக்கா மோசர்னு ஒரு ஜெர்மன் ஆய்வாளர் வந்து இந்த தெரு பொம்பளைங்களையும் வரைய சொல்ல, அவங்க கையில பச்சை குத்தற கோத்னா டிசைன எடுத்து, அவங்க சாமி ராஜா சல்ஹேஷ் கதைய வரைய ஆரம்பிச்சாங்க. 2024ல சாந்தி தேவி, ஷிவன் பாஸ்வான் தம்பதிக்கு பத்மஸ்ரீ கெடைச்சது இந்த வழியிலதான். எனக்கு மத்த எல்லாத்த விடவும் இதுதான் புடிச்சது. வட்டம் வட்டமா சின்ன சின்ன உருவம், நடுவுல ஒரு மரம், யானை மேல சல்ஹேஷ், குதிரைல தம்பி மோதிராம், பூக்காரி பொண்ணுங்க, ஹிராமன்னு ஒரு கிளி. நம்ம மதுரை வீரனுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன்னு வச்சுக்கலாம்.

படம் வரையற அக்கா விரல வச்சு வச்சு கதை சொன்னாங்க. மாலினிகள், பூக்காரிங்க, சல்ஹேஷ் மேல உசுர வச்சிருந்தாங்க, அவரு கட்டிக்கல. எல்லைக்கு அந்த பக்கம் நேபாளத்துல லஹான் கிட்ட சல்ஹேஷ் தோட்டம்னு ஒண்ணு, அதுல ஹாரம்னு ஒரு மரம், வருஷத்துல ஒரே ஒரு நாள் வைகாசி 1ம் தேதி அது கிளைல மாலை மாதிரி ஒரு பூ பூக்கும், மறுநாள் வாடிரும். மாலினி மாலையோட வந்துட்டு போறான்னு சொல்றாங்க. மரத்து மேல வளர்ற ஆர்க்கிட்னு படிச்சவங்க சொல்லுவாங்களாம், "அதுவும் உண்மைதான்"னாங்க அக்கா, சாதாரணமா. அவங்க வைகாசி 1ன்னா நமக்கு சித்திரை 1. அப்படின்னா நாளைக்கே!

ஒரு ஜீப்காரர்கிட்ட 3500க்கு பேசி, விடியக்காலைல நாலு மணிக்கு வர சொல்லி, அட்வான்ஸ் 500 கொடுத்தாச்சு.

ஏப்ரல் 14, திங்கள்: சித்திரை 1

ஜீப் வரல. நாலரை, அஞ்சு, ஆறு. போன் ஸ்விட்ச் ஆஃப். ஏழு மணிக்கு யார் மூலமாவோ தகவல் வருது, அந்தாளு ராத்திரியே வேற பார்ட்டிய ஏத்திட்டு அதே லஹானுக்கு போயிட்டாராம். 500ம் போச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு. வேற வண்டியும் இல்ல, இருக்கறது எல்லாம் அங்கதான் போயிருக்கு.

அம்மா வீடியோ கால். வேப்பம்பூ, மாங்கா பச்சடி எல்லாத்தையும் கேமராவுல காட்டிட்டு, அங்க என்ன சாப்பாடுன்னாங்க. இங்க இன்னிக்கு சத்துவானி பண்டிகை, சாப்பாடு சத்து மாவு, வெல்லம், பிஞ்சு மாங்கா சட்னி. போன திருப்பி காட்டினா சாச்சி அம்மிக்கல்லுல மாங்கா அரைச்சிட்டு இருக்காங்க. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பாஷைல பத்து நிமிஷம் பேசினாங்க, நடுவுல நாங்க யாரும் மொழிபெயர்க்கல, எல்லாம் மாங்கா பத்திதான்னு நெனைக்கிறேன்.

பகல் பூரா வெக்கை. சாயங்காலம் ஆறு மணிக்கு திடீர்னு வானம் கருத்து, புழுதிக்காத்து, அப்புறம் மழை, கரண்ட் கட். காத்து அடங்கினதும் தெரு பூரா பசங்க டார்ச்சோட தோப்புக்கு ஓடறாங்க, பெரியவங்களும் கூட பையோட. விழுந்த மாம்பிஞ்சு பொறுக்க! யாரு மரம், யாரு தோப்புங்கற பேச்சே இல்ல, காத்து தள்ளினது பொறுக்கறவனுக்கு. நாங்களும் போனோம், செருப்பு சேத்துல மாட்டி அறுந்துச்சு, ஒரு பொடியன் அவன் பொறுக்கினதுல பாதிய என் துப்பட்டால கொட்டிட்டு ஓடிட்டான்.

கரண்ட் வர்ற வரைக்கும் மொட்டை மாடில கதை. சாமா சகேவாங்கற பண்டிகையோட கதைய சாச்சி சொன்னாங்க. கிருஷ்ணரோட பொண்ணு சாமா, கோள்மூட்டி சுக்லா பேச்சால சாபம் வாங்கி பறவையா போயிடறா, கடைசில அண்ணன்காரன்தான் மீட்டு கொண்டு வர்றான். கார்த்திகைல பொண்ணுங்க களிமண்ணுல பறவைங்க, சுக்லா எல்லாம் செஞ்சு, வைக்கோல்ல ஒரு பிருந்தாவனம் காடும் செய்வாங்களாம். கதைல சுக்லா காட்டுக்கு தீ வச்சதுக்கு ஞாபகமா அந்த காட்டுக்கு தீ வச்சு, வச்ச கையோட அணைக்கவும் செய்யணும். சுக்லாவுக்கு மீசைய பொசுக்கறதோட சரி. காட்ட கொளுத்தினவனுக்கு மீசை மட்டும்தானா, பத்தாதுன்னா தோழி. பக்கத்து மாடில இருந்து ஒரு குரல், "நாங்க வருஷா வருஷம் பொசுக்கறோமே!"

ஏப்ரல் 15, செவ்வாய்: ஜூட் ஷீதல்

தூங்கிட்டு இருக்கறவ தலைல ஜில்லுனு தண்ணி. அலறி எழுந்தா சாச்சி சொம்போட நிக்கறாங்க, உள்ளங்கைல தண்ணி எடுத்து உச்சந்தலைல தட்டி "ஜுடாயல் ரஹூ"ங்கறாங்க. குளிர்ச்சியா இருங்கற ஆசீர்வாதம். இங்க இன்னிக்குதான் வருஷப்பிறப்பு. வயசுல பெரியவங்க சின்னவங்களுக்கு வரிசையா ஊத்திட்டே போறாங்க. வீட்டுல முடிஞ்சதும் சொம்பு வெளிய போகுது. மாமரம், பலா, வேம்பு, எலுமிச்சை, வாசல் முருங்கை, ஒண்ணையும் விடாம வேர்ல ஊத்தி அதே ஆசீர்வாதம், நடக்கற பாதைக்கு கூட ஒரு கை தண்ணி. துளசிக்கு மேல மூணு குச்சி நட்டு ஓட்டை போட்ட பானைய தொங்க விட்டிருக்காங்க, சொட்டு சொட்டா விழுது. அக்னி நட்சத்திரத்துல சிவனுக்கு தாராபாத்திரம் கட்டுவாங்களே, அதேதான்.

ராம்பட்டி ரோட்டுல மூணு நாள் முன்னாடி மனசுல கேட்டுட்டு வந்த கேள்விக்கு இங்க பதில் கெடைச்ச மாதிரி இருந்துச்சு. மரத்துக்கு சாமி படம் வரைஞ்சா வெட்ட மாட்டான்னு 2012ல ஒருத்தர் எப்படி யோசிச்சிருப்பார்னு ஆச்சரியப்பட்டேன். இந்த ஊர்ல பொறந்து, சின்ன வயசுல இருந்து மரத்து தலைக்கும் தண்ணி ஊத்தி வளர்ந்தவங்களுக்கு அது ஒண்ணும் பெரிய யோசனையா இருந்திருக்காது. வெளியூர்ல போய் இதே படத்த வரைஞ்சா வேலை செய்யுமான்னு எனக்கு சந்தேகம்தான்.

இன்னிக்கு அடுப்பு பத்த வைக்க மாட்டாங்க. அடுப்புக்கும் லீவு. நேத்து ராத்திரி செஞ்ச கடி பரி (கடலை மாவு உருண்டை போட்ட மோர்க்கொழம்பு), சோறு, எல்லாம் ஆறினது. வட இந்திய டூரிஸ்ட் யாராவது இருந்தா மூஞ்ச சுளிச்சிருப்பாங்க. நாங்க பழைய சோறு வம்சம், பச்சமொளகா கேட்டு வாங்கி கடிச்சுக்கிட்டு ரெண்டாவது ரவுண்டு போனோம், சாச்சி முதல் தடவையா எங்கள மரியாதையா பாத்தாங்க. அப்புறம் சேறு. குளத்து சேத்த அள்ளி ஒருத்தர் மேல ஒருத்தர், வயசு வித்தியாசமே இல்ல. என்னோட வெள்ளை குர்தா அங்கயே சமாதி.

ஏப்ரல் 16, புதன்: சௌராட், கிளம்பறது

சல்ஹேஷ் அக்காகிட்ட படம் வாங்கினேன். ஹாரம் மரமும் மாலினியும் இருக்கறது, ரெண்டு அடி நீளம், 2500 சொன்னாங்க. தோழி பேரம் பேச வாயெடுத்தா, நான் தொடைல கிள்ளிட்டேன். வரைய பதினஞ்சு நாள் ஆச்சாம், டெல்லி கடைல இதே சைஸ் 9000க்கு மேல பாத்திருக்கேன்.

போற வழில சௌராட். மைதிலி பிராமணங்க கல்யாணம் பேசறதுக்குன்னே வருஷா வருஷம் கூடற தோப்பு. மரத்தடில மாப்பிள்ளைங்க உக்காந்திருப்பாங்க, வம்சாவளி ஏடு வச்சிருக்கற பஞ்சிக்காரர்கள் பாத்து, தலைமுறைல சொந்தம் குறுக்கிடலன்னு எழுதி கொடுத்தாதான் கல்யாணம். இப்ப கூட்டம் ரொம்ப கொறஞ்சு போச்சு. ஒரு லட்சம் பிராமணங்க கூடினா இங்க இருக்கற அரச மரம் வாடி இலைய உதுத்துரும்னு ஒரு கதை. காவலுக்கு இருந்த தாத்தாகிட்ட நெசமாவான்னு கேட்டோம். "இப்பெல்லாம் எல்லாரும் போன்லயே பொண்ணு பாத்துக்கறானுங்க, மரத்துக்கு ஒரு ஆபத்தும் இல்ல"ன்னு சொல்லிட்டு பீடிய பத்த வச்சாரு.

டோட்டோக்காரர் பேசினத விட 50 சேத்து கேட்டாரு, வெயில்ல காத்துட்டு நின்னதுக்கு. நியாயம்தான், கொடுத்துட்டோம். அவருக்கு லஹான்ல மச்சான் இருக்காராம், ஜீப்பும் இருக்காம். அடுத்த சித்திரை 1க்கு முந்தின நாளே போய் அங்கயே ராத்திரி தங்கறதா பேசி வச்சிருக்கோம், அட்வான்ஸ் கிடையாது. வண்டில இன்னும் நாலு பேருக்கு எடம் இருக்கு. வர்றவங்க இப்பவே சொல்லுங்க, ஆனா சேறு பூசினா கோவப்படாத ஆளா இருக்கணும்.